சேகரிப்போர் எழுதும் சரித்திரம்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் நடைபெற்ற ஏலமொன்றிலே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஓர் அட்டைத் துண்டு 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அது பொற்றகடு அன்று. பேரோவியர் எவரும் தம் கைப்படத் தீட்டிய சித்திரமும் அன்று. 1952ஆம் ஆண்டில் சுவிங்கம் விற்பனையைப் பெருக்கும் பொருட்டு டொப்ஸ் என்னும் கம்பனியார் ஏராளமாக அச்சிட்டுச் சிறுவர்களுக்கு விற்ற படங்களுள் ஒன்று. அப்படத்தில் இருப்பவர் நியூயோர்க் யாங்கீஸ் குழுவின் புகழ்பெற்ற பேஸ்போல் வீரரான மிக்கி மான்டில்.

இத்தகைய செய்தியைக் காணும்போது, பணம் மிகுந்தவர்களின் பித்து என்று சிரித்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆனால், அந்த விலையை மட்டும் கண்டு சிரிப்பவரும் அந்த விலையை மட்டும் கண்டு வியப்பவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது என் எண்ணம். இருவருமே அட்டையைப் பார்க்கவில்லை. அத்தகைய அட்டைகளைத் தேடிப் பிடித்து, அடுக்கி, ஒப்புநோக்கி, வாழ்நாளையே அதற்கெனச் செலவிட்ட மனிதர்களையும் பார்க்கவில்லை. பழைய பேஸ்போல் அட்டைகளைச் சேகரிப்பதிற் பல நெறிகள் உள்ளன. அந்நெறிகளுள் எது சிறந்தது என்னும் வினா பொழுதுபோக்குக்காரரின் வீண்வாதம் போலத் தோன்றலாம். உண்மையில், ஒரு சமுதாயம் தன் பழமையை எவ்வாறு பேணுகிறது என்னும் பெரிய வினாவின் சிறிய வடிவமே அது.

முதலில் அட்டைகளின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டைப் போலவே பேஸ்போலும் மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது. அமெரிக்க மக்களின் தேசிய விளையாட்டு என்று பெயர் பெற்றது. 1880களில் அந்நாட்டுச் சிகரெட் கம்பனிகள், மெல்லிய தாட்பையிலே இட்ட சிகரெட்டுகள் நசுங்காதிருப்பதற்காக உள்ளே ஒரு தடித்த அட்டையைச் செருகின. வெற்று அட்டையைச் செருகுவதைவிடப் படமொன்றை அச்சிட்டுச் செருகினால் வாங்குவோரின் ஆசை வளருமென்று வியாபாரிகள் கண்டுகொண்டனர். நடிகைகள், பறவைகள், நாட்டுக்கொடிகள் ஆகியவற்றோடு பேஸ்போல் ஆட்டக்காரரும் அவ்வட்டைகளில் இடம்பெற்றனர். ‘ஓல்ட் ஜட்ஜ்’ என்னும் சிகரெட்டுடன் அக்காலத்தில் வந்த படங்கள் புகைப்படக் கூடத்துக்குள்ளே எடுக்கப்பட்டவை. பந்தைப் பிடிப்பதுபோல ஆட்டக்காரர் கையை நீட்டி நிற்பார். பந்தோ மேலிருந்து நூலிலே தொங்கிக்கொண்டிருக்கும். உற்றுநோக்கினால் அந்நூலையும் சில படங்களிற் காணலாம்.

பின்னர், 1909ஆம் ஆண்டு முதல் 1911ஆம் ஆண்டு வரை, அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி தன் 16 வகைப் புகையிலைப் பெயர்களோடும் ஒரு பெருந்தொகுதியை வெளியிட்டது. ஒன்றரை அங்குல அகலமும் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமும் உள்ள அவ்வட்டைகள் மொத்தம் 524 என்று கணக்கிட்டுள்ளனர். இன்று ‘டி 206’ எனப் பெயர் வழங்குவது இத்தொகுதியே. 1930களில் சுவிங்கம் கம்பனிகள் இத்துறையிற் புகுந்தன. 1933இல் பொஸ்டன் நகரத்துக் கௌடி கம்பனி 240 எண்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் போமன், டொப்ஸ் என்னும் இரு கம்பனிகளும் போட்டியிட்டன. 1956இல் டொப்ஸ் மற்றதை விலைக்கு வாங்கிவிட்டது. ஆகவே, இவ்வட்டைகளுள் ஒன்றேனும் வரலாற்றுக்கென்று பிறந்ததில்லை. யாவும் தூண்டிலிற் கோத்த இரைகளே. இரையை எடுத்து ஏடாக்கியவர்கள் சேகரிப்போர்.

சேகரிப்போரிடையே வழங்கும் பொதுவிதி ஒன்றுண்டு. ‘அவரவர் விரும்பியதை அவரவர் சேர்க்கட்டும்’ என்பது அது. கேட்பதற்கு இனிய விதிதான், சண்டையையும் தவிர்க்கும். ஆயினும் எனக்கு அது போதியதாகத் தோன்றவில்லை. பழைய பொருளைச் சேர்ப்பவன் தன் ஆசையை நிறைவேற்றுவதோடு நின்றுவிடுவதில்லை. எது எஞ்சவேண்டும், எது அழியலாம் என்று தீர்மானிப்பவனும் அவனே. அவன் விரும்பாதது குப்பைக்குப் போகிறது. அவன் விரும்பியது நூறாண்டு வாழ்கிறது. பின்வரும் தலைமுறையினர் எதைப் பார்த்து எழுத முடியும், எதைப் பார்க்கவே முடியாது என்பதும் அவனுடைய நெறியிலேயே தங்கியிருக்கிறது. ஆதலால் நெறிகளை எடைபோட நமக்கு உரிமையுண்டு.

பழமையான நெறி தொகுதியை முழுமையாக்குவது. கம்பனியார் ஒன்று முதல் இத்தனை வரை என்று வரையறுத்து வெளியிட்டவற்றுள் ஒன்றும் விடாமற் சேர்ப்பது. இதற்குப் பொறுமை வேண்டும். கம்பனியார் இப்பொறுமையைத் தமக்கு இலாபமாக்கவும் தயங்கவில்லை. கௌடியின் 1933ஆம் ஆண்டுத் தொகுதியில் 106ஆம் எண்ணுக்கு அட்டையே வெளிவரவில்லை. பிள்ளைகள் காசு காசாகக் கொடுத்துச் சுவிங்கம் வாங்கிக்கொண்டே இருந்தனர். 105 வந்தது, 107 வந்தது, 106 மட்டும் வரவேயில்லை. முறையிட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு அடுத்த ஆண்டிலேயே அவ்வட்டை அச்சிட்டு அனுப்பப்பட்டது. நெப்போலியன் லாஜுவாய் என்னும் பழைய வீரரின் படம் தாங்கிய அவ்வட்டை இன்று மிக அரியவற்றுள் ஒன்று. எழுதிக் கேட்டவர்கள் தொகுதி சேர்ப்போர். எண்ணில் ஓர் இடைவெளி இருக்கிறதென்று அறிந்து, ‘இது எங்கே?’ என்று வினவியவர்கள். இந்த வினாவை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வரவேண்டியிருக்கிறது.

தொகுதி சேர்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. புகழ் பெற்றவர் பக்கம் மட்டும் சாய்வதற்கு இந்நெறி இடங்கொடாது. ‘டி 206’ தொகுதியில் 134 அட்டைகள் சிறிய லீக்குகளில் ஆடியவர்களுக்கு உரியவை. அவர்களுட் பலரைப்பற்றி இன்று பேசுவார் இல்லை. ஆனால் தொகுதியை முடிக்க விரும்புபவன், மாபெரும் வீரரைத் தேடும் அதே ஊக்கத்தோடு அந்தப் பெயரறியா மனிதரையும் தேடவேண்டும். தேடும்போது, இவர் யார், எந்த ஊரவர் என்று கேளாதிருக்க முடியுமா? ஒழுங்கின் பொருட்டுச் சேர்க்கத் தொடங்கியவன் தன்னையறியாமலே ஆராய்ச்சியாளன் ஆகிறான்.

இரண்டாவது நெறி ஒருவரையோ ஒரு குழுவையோ பின்தொடர்வது. இளமையில் மனத்தைக் கவர்ந்த வீரர் ஒருவரின் அட்டைகள் எங்கெங்கு எவ்வெவ்வாறு வந்தனவோ அவை யாவற்றையும் திரட்டுவது. இது பக்தி மார்க்கம் போன்றது. இதில் அன்பு மிகுதி; அளவு குறைவு. ஆனால் ஒரே முகம் இளமையினின்று முதுமைக்குச் செல்வதை ஆண்டுக்கு ஓர் அட்டையாக அடுக்கிப் பார்ப்பதில் உள்ள சுவை தனியானது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

மூன்றாவது நெறியை மாதிரி சேர்த்தல் எனலாம். ஒவ்வொரு வெளியீட்டிலிருந்தும் ஓர் அட்டை மட்டும் எடுத்துவைப்பது. சிகரெட்டோடு வந்தது ஒன்று, மிட்டாயோடு வந்தது ஒன்று, ரொட்டியோடு வந்தது ஒன்று என்று இப்படி அடுக்கினால், அச்சுக்கலையின் வளர்ச்சியும் விளம்பரத்தின் தந்திரங்களும் ஒரு மேசையிலே விரிந்துவிடும். இவர்களுக்கு அட்டையிலுள்ள ஆட்டக்காரர் யார் என்பது முக்கியமன்று. இதற்கு உறவானது முதுகுப் பக்கத்தைச் சேர்க்கும் நெறி. ‘டி 206’ அட்டையின் முன்புறத்தில் ஒரே படம் இருக்கும். பின்புறத்திலோ பீட்மன்ட், சுவீட் கப்போரல் முதலிய வெவ்வேறு புகையிலைப் பெயர்கள் இருக்கும். எந்தப் படம் எந்தப் பெயரோடு வந்தது என்று ஒப்பிட்டு, எது எப்போது அச்சாயிற்று என்று இவர்கள் முறைப்படுத்தியிருக்கிறார்கள். ஏட்டுச் சுவடிகளிலே பாடபேதம் பார்ப்பவர்களுக்கு இவ்வுழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

நான்காவது, தேய்ந்த அட்டைகளைச் சேர்ப்பது. மூலை மழுங்கி, நடுவே மடிந்து, ஏதோ ஒரு பிள்ளை பென்சிலாற் கிறுக்கிய அட்டைகளையே சிலர் விரும்புகின்றனர். மலிவாகக் கிடைப்பது ஒரு காரணம். அது மட்டுமன்று. அட்டை என்பது கையாளப்பட்ட பொருள். கையாளப்பட்ட அடையாளம் அதன் வரலாற்றின் ஒரு பகுதி என்று அவர்கள் கருதுகிறார்கள்.

ஐந்தாவது நெறி இன்று மற்றெல்லாவற்றையும் மேவி நிற்பது. அதுதான் தரம் பார்த்துச் சேர்த்தல். 1991இல் பீ.எஸ்.ஏ. என்னும் நிறுவனம் அட்டைகளைப் பரிசோதித்து ஒன்று முதல் பத்து வரை புள்ளியிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள்ளே முத்திரையிட்டுக் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் வேறு நிறுவனங்களும் வந்தன. மூலை கூர்மையா, படம் நடுவில் அமைந்துள்ளதா, மேற்பரப்பிற் கீறல் உண்டா என்று பார்த்து எண் வழங்குவது அவர்கள் தொழில். எட்டுப் புள்ளி அட்டைக்கும் ஒன்பது புள்ளி அட்டைக்கும் வெறுங்கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது. விலையிலோ மடங்கு மடங்கான வேற்றுமை உண்டு.

இந்நெறியையும் நடுவுநிலையோடு நோக்கவேண்டும். போலி அட்டைகள் மலிந்த சந்தையிலே, அறியாதவன் ஏமாறாமற் காப்பதற்கு ஒரு பரிசோதனை வேண்டியதே. விலை ஏறியதனால் நேர்ந்த நன்மையும் உண்டு. பிள்ளை வளர்ந்து வெளியூர் சென்றபின் அவனுடைய அட்டைப் பெட்டியைத் தாய் குப்பையிலே கொட்டிவிட்டாள் என்பது அமெரிக்கர் பலரும் சொல்லும் கதை. டொப்ஸ் கம்பனியே 1952ஆம் ஆண்டு அட்டைகளில் விலைபோகாது தேங்கியவற்றை 1960ஆம் ஆண்டளவில் படகிலேற்றி அத்திலாந்திக் கடலிற் கொட்டியது. இதனை அத்தொகுதியை உருவாக்கிய சை பேர்கர் என்பவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். இன்று கோடி பெறும் மான்டில் அட்டை இடம்பெற்ற கடைசிப் பகுதியே அவ்வாறு கடலுக்கு இரையாயிற்று. விலை இருந்திருந்தால் அந்த அழிவு நேர்ந்திராது.

ஆனால் அந்த எண், அட்டையை அளப்பதோடு நில்லாமல் அட்டையின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. அன்டி பாஃப்கோ என்னும் ஆட்டக்காரர் 1952ஆம் ஆண்டு டொப்ஸ் தொகுதியின் முதலாம் எண். நல்ல ஆட்டக்காரர்தான், ஆனாற் பெருவீரர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அல்லர். பிள்ளைகள் அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி இரப்பர் வளையம் போட்டு வைத்தமையால், மேலே இருந்த அவருடைய அட்டை பெரும்பாலும் சிதைந்துவிட்டது. எனவே சிதையாத பாஃப்கோ அட்டைக்குப் பெருவிலை. ஆட்டத்துக்கும் அந்த விலைக்கும் தொடர்பில்லை. இரப்பர் வளையத்துக்கும் விலைக்குமே தொடர்பு. மான்டில் அட்டையின் கதையும் இத்தகையதே. அது அவருடைய முதல் அட்டையன்று. முதல் அட்டையை 1951இல் போமன் கம்பனி வெளியிட்டுவிட்டது. தன் பகுதியிலும் அது அருமையில் முதன்மையானதன்று. அச்சுத் தாளில் இருமுறை இடம்பெற்றமையால், பக்கத்திலிருந்த பலவற்றைவிட அதிகமாகவே அச்சாயிற்று. அருமையும் முதன்மையும் வேறு. புகழும் புள்ளியும் வேறு.

எண்ணுக்காக மனிதர் எதுவரை செல்வர் என்பதற்கு ஒரு சான்று போதும். பிட்ஸ்பேர்க் குழுவின் ஹொனஸ் வாக்னர் என்னும் பெருவீரரின் அட்டை ‘டி 206’ தொகுதியிலே மிக அரிது. இன்று ஏறத்தாழ அறுபதே எஞ்சியுள்ளன. தம் படத்தைப் புகையிலையோடு பிள்ளைகள் வாங்குவதை அவர் விரும்பாது தடுத்தார் என்பர் சிலர். கம்பனி தமக்குப் பணம் கொடாமையே காரணம் என்பர் வேறு சிலர். அவ்வட்டைகளுள் ஒன்று வியக்கத்தக்க தூய்மையோடு விளங்கிற்று. 1991இல் ஐஸ் ஹொக்கி வீரரான வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய பங்காளரும் 4,51,000 டொலருக்கு அதனை வாங்கினர். பீ.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதல் புள்ளியிட்ட அட்டையும் அதுவே. எட்டுப் புள்ளி கிடைத்தது. 2007இல் அது 28 இலட்சம் டொலருக்குக் கைமாறிற்று. 2013ஆம் ஆண்டிலே, முன்னர் அதனை வைத்திருந்த வணிகரான பில் மாஸ்ட்ரோ, ஏல மோசடி வழக்கொன்றிலே குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அவ்வட்டையின் ஓரங்களைத் தாம் வெட்டிச் சீர்செய்ததையும் ஒப்புக்கொண்டார். 2015இல் அவருக்கு இருபது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதனை ஒரு வணிகரின் பேராசை என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாகாது. மூலையின் கூர்மையே மதிப்பு என்று ஒரு நெறி கற்பிக்குமானால், மூலையை வெட்டும் கத்தியும் அந்நெறியின் பிள்ளையே ஆகும். பழைய ஆவணத்தைத் திருத்துவது என்ன குற்றமோ, அதே குற்றம் இது.

இதற்கு நேர்மாறான மனிதர் ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். அவர் ஜெபர்சன் பேர்டிக். நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரத்தில் ஒரு மின்கருவித் தொழிற்சாலையிலே வேலைபார்த்தவர். 1900இற் பிறந்தார், மணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவாதம் அவர் கைகளை முடக்கி வருத்திற்று. அவர் செல்வருமல்லர், பேஸ்போல் ஆட்டத்திலே பெரும்பற்றுடையவராகவும் தெரியவில்லை. ஆனால் அச்சடித்த அட்டை எதுவாயினும் அவர் கண்ணுக்கு அது மக்கள் வாழ்வின் ஏடு. விளம்பர அட்டை, தபால் அட்டை, வாழ்த்து அட்டை என்று 3 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றைத் திரட்டினார். அவற்றுள் பேஸ்போல் அட்டைகள் மட்டும் ஏறத்தாழ 30,000.

திரட்டியதோடு அவர் அமையவில்லை. ஒழுங்கில்லாது கிடந்த அப்பெருங்காட்டுக்கு வழி அமைத்தார். 1939இல் முதன்முதல் வெளியிட்டு, பின்னர் ‘அமெரிக்கன் கார்ட் கட்டலொக்’ என்னும் பெயரால் விரித்துப் பதிப்பித்த நூலிலே, ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘என்’. இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘டி’. பழைய மிட்டாய் அட்டைகளுக்கு ‘ஈ’. பிற்காலச் சுவிங்க அட்டைகளுக்கு ‘ஆர்’. ‘டி 206’ என்னும் பெயரே அவர் இட்டதுதான். இன்று ஒரு வாக்னர் அட்டைக்குப் பல இலட்சம் டொலர் கொடுப்பவரும் அந்தத் தொழிலாளியின் நாவினாலேயே அதனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பேர்டிக் தம் பட்டியலில் அவ்வட்டைக்குக் குறித்த விலை 50 டொலர்.

தம் சேகரிப்பு முழுவதையும் அவர் நியூயோர்க்கிலுள்ள மெட்ரோபொலிட்டன் கலைக்கூடத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். 1947இல் கொடுக்கத் தொடங்கினார். உயர்ந்த ஓவியங்கள் தொங்கும் அம்மாளிகையிலே சிகரெட் அட்டைக்கு இடம் உண்டா என்று கேட்காமல், அச்சுப் படங்களின் பொறுப்பாளராயிருந்த ஹயட் மேயர் அதனை ஏற்றுக்கொண்டமை பாராட்டத்தக்கது. ஒழுங்குபடுத்தும் வேலை பேர்டிக்கின் பொறுப்பாயிற்று. வளைந்த விரல்களோடு அவர் பல்லாண்டு அங்கே வந்து அமர்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, நூற்றுக்கணக்கான ஏடுகளில் ஒட்டினார். 1963ஆம் ஆண்டு ஜனவரியில் வேலை முடிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் அவர் காலமானார்.

ஆம், அவர் ஒட்டினார். பசை தடவி ஒட்டினார். இன்றைய தரக்காரர் இதைக் கேட்டால் நெஞ்சிலே கை வைப்பர். பசைபட்ட அட்டைக்குப் புள்ளி இல்லை, விலையும் இல்லை. முதுகுப் பக்கம் மறைந்துவிட்டது என்னும் குறை உண்மையான குறையே. பின்புறத்தை ஆராய்பவர்க்கு அது பேரிழப்பு. இதனை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். சந்தை கண்ணோட்டத்திற் பார்த்தால் 3 இலட்சம் அட்டைகளை அவர் பாழாக்கினார். மக்கள் கண்ணோட்டத்திற் பார்த்தால் 3 இலட்சம் அட்டைகளை அவர் காப்பாற்றினார். அவை இனி ஒருவர் கைவிட்டு ஒருவர் கைக்குப் போகமாட்டா; வங்கிப் பெட்டியின் இருட்டிலே கிடக்கமாட்டா; வாரிசுகளின் சண்டையிலே சிதறமாட்டா. மாணவன் ஒருவன் பார்க்க விரும்பினால் பார்க்கலாம். விலையை அழித்துப் பொருளைக் காத்த இச்செயலுக்கு நிகரானது இத்துறையில் அரிது.

அவர் தனியொருவரும் அல்லர். பெஞ்சமின் எட்வர்ட்ஸ் என்பவர் சேர்த்த ஏடுகளை, அவர் இறந்தபின் அவருடைய மகள், கவிஞரும் லிங்கனின் வரலாற்றை எழுதியவருமான கார்ல் சான்ட்பேர்க் கையில் ஒப்படைத்தார். சான்ட்பேர்க் 1954இல் அவற்றை வோஷிங்டனிலுள்ள கொங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார். அவற்றுள் 1887ஆம் ஆண்டு முதல் 1914ஆம் ஆண்டு வரை வெளிவந்த பேஸ்போல் அட்டைகள் ஏறத்தாழ 2,100 இருந்தன. இன்று அந்நூலகம் அவற்றைக் கணினி வழியாக உலகத்தார் எவரும் காசின்றிக் காணும்படி வைத்திருக்கிறது. நூலிலே தொங்கும் பந்தை இங்கிருந்தே நாமும் பார்க்கலாம். ஓர் அரும்பொருளைக் கவிஞன் கையிற் கொடுத்தால் அது ஊருக்குப் போய்ச்சேரும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இனி, முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன வினாவுக்கு வருவோம். ‘இது எங்கே?’ என்று 106ஆம் எண்ணைப்பற்றிக் கேட்டவர்கள், தொகுதிக்கு வெளியே உள்ள இடைவெளியைப்பற்றிக் கேட்டார்களா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு 1947ஆம் ஆண்டு வரை, அமெரிக்காவின் பெரிய லீக்குகளிலே கறுப்பின ஆட்டக்காரருக்கு இடம் இருக்கவில்லை. அவர்கள் தமக்கெனத் தனி லீக்குகள் அமைத்து ஆடினார்கள். அவர்களுள் ஒருவர் ஜோஷ் கிப்சன். மட்டையெடுத்தால் எதிரிகள் நடுங்கும் ஆற்றல் படைத்தவர். அவர் ஆடிய காலத்தில் அமெரிக்காவின் பெரிய சுவிங்கக் கம்பனி ஒன்றேனும் அவருக்கு ஓர் அட்டை அச்சிடவில்லை. 1947ஆம் ஆண்டு ஜனவரியில், தமது முப்பத்தைந்தாம் வயதிலே, அவர் இறந்தார். மூன்று மாதங்களின் பின், ஏப்ரல் 15ஆம் நாள், ஜாக்கி ரொபின்சன் புரூக்ளின் குழுவிலே களமிறங்கி நிறத்தடையை உடைத்தார். அதே ஆண்டில் ரொபின்சனின் படம் தாங்கிய அட்டைகளை ஒரு ரொட்டிக் கம்பனி வெளியிட்டது. கிப்சனுக்கோ, அவர் குளிர்காலங்களில் விளையாடிய புவேர்ட்டோ ரிக்கோத் தீவிலே, இறந்த பின்னர், 1950–51இல் ஓர் அட்டை வந்தது. அது இன்று கிடைத்தற்கரியது.

2020ஆம் ஆண்டு டிசெம்பரில், அக்கறுப்பின லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று பேஸ்போல் ஆட்சியாளர் அறிவித்தனர். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அவற்றின் ஆட்டக் கணக்குகளும் சேர்த்தெண்ணப்பட்டன. அப்போது, வாழ்நாள் முழுவதற்குமான அடிச் சராசரியில், நெடுங்காலமாக முதலிடத்திலிருந்த டை கொப்பின் .367ஐ விஞ்சி, கிப்சனின் .372 முதலிடம் பெற்றது. டை கொப்புக்கு ‘டி 206’ தொகுதியிலே நான்கு அட்டைகள் உள்ளன. கிப்சன் ஆடிய 1933இல் வெளிவந்த கௌடி தொகுதியிலே பேப் ரூத்துக்கும் நான்கு அட்டைகள் உள்ளன, கிப்சனுக்கு ஒன்றுமில்லை. அத்தொகுதியின் 240 எண்களையும் குறைவறச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி பெற்றுவிட்டாலும், அவ்வாண்டின் பேஸ்போல் அதிலே முழுமையாக இல்லை. 106ஆம் எண் விடுபட்டதற்குப் பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். ஓர் இனமே விடுபட்டதற்குக் கம்பனிக்குக் கடிதம் போகவில்லை. போயிருந்தாலும் மறுமொழியாக அட்டை வரவில்லை.

இதனை உணர்ந்து, அந்த இடைவெளியையே தம் சேகரிப்பாகக் கொண்டவர்கள் சிலர் உள்ளனர். கறுப்பின லீக்குகளைப்பற்றிய குழுப் புகைப்படம், ஆட்ட விளம்பரத் தாள், தீவுகளில் வெளியான அட்டைகள் என்று கிடைத்ததையெல்லாம் தேடுகிறார்கள். அட்டை இல்லாத இடத்தில் அட்டையைத் தேடுவது பேதைமை போலத் தோன்றும். ஆனால் விடுபட்டவரைக் கணக்கிற் சேர்க்கும் காலம் வந்தபோது, முகமும் பெயரும் ஆண்டும் காட்ட உதவுவன இத்தகைய தாள்களே.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். தொகுதி சேர்ப்பவன் ஒழுங்கைக் கற்பிக்கிறான். ஒருவரைப் பின்தொடர்பவன் அன்பைக் கற்பிக்கிறான். மாதிரி சேர்ப்பவன் ஒப்புநோக்கைக் கற்பிக்கிறான். தேய்ந்ததைச் சேர்ப்பவன் கையாண்ட மனிதனை மறவாதிருக்கிறான். தரம் பார்ப்பவனும் போலியை விலக்குவதில் உதவுகிறான். ஆனால் அவன் ஒருவனுக்கே அட்டையைத் திருப்பிப் பார்க்கவேண்டிய தேவை இல்லை. உறைமேல் எழுதிய எண் அவனுக்குப் போதும். படிக்கத் தேவையில்லாத நூலகத்தை அமைப்பவனை நாம் நூலகர் என்று சொல்வதில்லை. எந்த நெறியாயினும் அதனை இரண்டு கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். சேர்த்தவன் தன்னிடம் இல்லாதது எது என்று அறிவானா? சேர்த்தது பிறர் கண்ணுக்குத் திறந்திருக்கிறதா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடை தருபவன் பத்துச் சத அட்டையைச் சேர்த்தாலும் சரித்திர ஆசிரியனே.

நம் மாணவரிடையேயும் முத்திரை சேர்ப்போர், நாணயம் சேர்ப்போர், பழைய சஞ்சிகை சேர்ப்போர் உள்ளனர். அவர்கள் தம் பெட்டியைத் திறந்து காட்டும்போது, ‘இதற்கு என்ன விலை கிடைக்கும்?’ என்பதே பெரியோர் பலரின் முதற் கேள்வியாயிருக்கிறது. ஆசிரியர்கள் அக்கேள்வியைச் சற்று ஒத்திவைக்கவேண்டும். இதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, ஏன் இல்லை என்று அந்தப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். விடை தேட அவன் நூலகத்துக்குப் போவான். போனபின் அவன் சேர்ப்பது வேறாயிருக்கும்.